தடாக வேலியும் திறந்து கிடக்கும் படலையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் மகளின் குடும்பத்தோடு வசிக்கும் அம்மம்மா ஒருத்தி எழுதுகிறேன். எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. வீட்டில் 4 வயதில் ஒரு பேரனும் ஒன்றரை வயதில் ஒரு பேத்தியும் இருக்கிறார்கள். பெற்றோர் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் அவர்களைப் பார்ப்பது என் பொறுப்பு. கோடை தொடங்கும் இந்த நேரத்தில், வீட்டுத் தடாகங்களைச் சுற்றிச் சட்டப்படி இருக்கவேண்டிய பாதுகாப்பு வேலியைப் பற்றியும், அந்த வேலியை நாமே நம் கையால் எப்படிப் பயனற்றதாக்கிவிடுகிறோம் என்பதைப் பற்றியும் உங்கள் பத்திரிகை வாயிலாக எழுத விரும்புகிறேன்.

சென்ற கோடையில் உறவினர் வீட்டுப் பிறந்தநாள் விழா ஒன்றுக்குப் போயிருந்தோம். நாற்பது பேர் வரை கூடியிருந்தார்கள். அந்த வீட்டுத் தடாகத்தைச் சுற்றியிருந்தது புத்தம்புதிய கண்ணாடி வேலி. சான்றிதழும் பெற்ற வேலி. இறைச்சி சுடும் அடுப்பைத் தடாகத்தின் பக்கமாக வைத்திருந்தபடியால் சாப்பாட்டுத் தட்டுகளோடு ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் படலை தானாக மூடிக்கொள்வது தொந்தரவாக இருக்க, யாரோ ஒருவர் குளிர்பானம் வைக்கும் ஐஸ்பெட்டியைப் படலைக்கு முண்டு கொடுத்துவிட்டார். அதை நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அரை மணித்தியாலம் கழித்து, உருண்டோடிய பந்துக்குப் பின்னால் இரண்டரை வயதுக் குழந்தையொன்று அந்தப் படலையால் உள்ளே போயிருக்கிறது. தடாகத்தின் முதற் படியில், கணுக்காலளவு தண்ணீரில், பந்தை எட்டிப் பிடிப்பதற்காகக் குனிந்து நின்ற அந்தப் பிள்ளையை ஓடிப்போய்த் தூக்கியவள் 11 வயதுச் சிறுமி ஒருத்தி. பத்தடி தூரத்தில் கையில் தட்டோடு கதைத்துக்கொண்டிருந்த நான் காணவில்லை. குழந்தையின் தாய் காணவில்லை. பெரியவர்கள் ஒருவருமே காணவில்லை. தண்ணீரில் விழும் சிறு குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையைக் காலை அடித்துச் சத்தம் எழுப்புவதும் இல்லை என்று இந்நாட்டு மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அந்த வீட்டில் சட்டம் தெரியாதவர்கள் யாரும் இருக்கவில்லை. வேலிக்குப் பல ஆயிரம் டொலர் செலவழித்தவர்கள் அவர்கள். ஆனால் சான்றிதழ் என்பது, பரிசோதகர் வந்து பார்த்த அந்த ஒரு நாளில் வேலி எப்படி இருந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. மறுநாள் நாம் நகர்த்திவைக்கும் கதிரைக்கும் பூச்சாடிக்கும் அது பொறுப்பேற்காது.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் மருமகனிடம் அளவு நாடாவை வாங்கிவைத்துக்கொண்டு, விடிந்தபின் எங்கள் வேலியை அளந்தேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992ஆம் ஆண்டின் நீச்சல் தடாகச் சட்டமும் அவுஸ்திரேலியத் தர நியமமும் சொல்கிறபடி, தடாக வேலி வெளிப்பக்க நிலமட்டத்திலிருந்து குறைந்தது 1200 மில்லிமீற்றர் உயரமாக இருக்கவேண்டும். எங்கள் வேலியைப் போட்டவர் சரியான உயரத்தில்தான் போட்டிருந்தார். ஆனால் ரோசாச் செடிகளுக்காக நான் வெளிப்பக்கத்தில் பாத்தி கட்டி, வருடத்துக்கு இரண்டு தரம் மண்ணும் மரச்சீவலும் போட்டு உயர்த்தியதில், அந்த இடத்தில் வேலியின் உயரம் 1110 மில்லிமீற்றராகக் குறைந்திருந்தது. வேலி அசையவில்லை, நிலம்தான் உயர்ந்திருந்தது. ஒன்பது சென்ரிமீற்றர்தானே என்று நினைக்கக்கூடும். ஏறுவதற்கு ஆசைப்படும் 4 வயதுப் பிள்ளையின் கை வேலியின் மேல்விளிம்பைப் பற்றுமா பற்றாதா என்பதை அந்த ஒன்பது சென்ரிமீற்றர் தீர்மானித்துவிடும்.

உயரத்தைவிடப் பெரிதாகப் பலரும் தவறவிடுவது, ஏறமுடியாத வெளி என்று விதியில் சொல்லப்படும் 900 மில்லிமீற்றர் இடைவெளியை. வேலிக்கு வெளியே அந்தத் தூரத்துக்குள் ஒரு பிள்ளை காலூன்றி ஏறக்கூடிய எந்தப் பொருளும் இருக்கக்கூடாது. எங்கள் வேலியோரம் அன்று இருந்தவற்றைச் சொல்கிறேன்: பேரனின் மூன்றுசில்லு சைக்கிள், தோட்டக்குழாய் சுற்றிவைக்கும் சட்டம், வெயிலில் வற்றல் காயவைக்க நான் போட்டிருந்த சிறிய மேசை, ஒரு பிளாஸ்டிக் கதிரை. இவற்றில் ஒன்றுகூட வேலி போட்ட நாளில் அங்கே இருந்ததல்ல. கதிரையைத் தள்ளிக்கொண்டு போய் அலுமாரியில் பிஸ்கட் எடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதே கதிரையை வேலியோரம் தள்ளிக்கொண்டு போகவும் தெரியும் என்பதைப் பிள்ளை வளர்த்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தண்ணீர்ப் பம்பியும் வடிகட்டியும் வேலிக்கு அருகிலேயே வைக்கப்பட்டிருக்கும் வீடுகளையும் கண்டிருக்கிறேன். ஏறுவதற்குப் படிக்கட்டு கட்டிவைத்தது போலத்தான் அது. வேலியின் அடியிலுள்ள இடைவெளியும் நிலைக்கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியும் 100 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது என்பது இன்னொரு விதி. மழை அரித்துக்கொண்டு போன மண், நாய் தோண்டிய குழி, ஆட்டங்கண்ட ஒரு கம்பி, இவை போதும் அந்த அளவு பிழைத்துப்போக. காணியின் எல்லை வேலியே ஒரு பக்கத்துக்குத் தடாக வேலியாகவும் இருக்குமானால் அது 1800 மில்லிமீற்றர் உயரம் இருக்கவேண்டும்.

படலைக்கு வருகிறேன். வேலியில் பிழைபடும் இடம் பெரும்பாலும் அதுதான். படலை தடாகத்துக்கு எதிர்ப்புறமாக, வெளிநோக்கித் திறக்கவேண்டும். கையை எடுத்ததும் தானாக மூடவேண்டும். மூடியதும் தானாகக் கொளுவிக்கொள்ளவேண்டும். வெளியிலிருந்து எட்டித் திறக்கக்கூடிய கொளுக்கி நிலத்திலிருந்து குறைந்தது 1500 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும். முழுதாகத் திறந்து விட்டால் எங்கள் படலை ஓங்கிச் சாத்திக்கொள்ளும். ஆகவே அது நன்றாக வேலை செய்கிறது என்றே ஆண்டுக்கணக்காக நினைத்திருந்தோம். ஆனால் ஒரு சாண் அளவுக்கு மட்டும் திறந்து மெல்லக் கையை எடுத்தபோது, படலை ஆடி ஆடிப் போய்க் கொளுக்கியில் முட்டி அப்படியே நின்றுவிட்டது. ‘டக்’ என்ற ஓசை வரவில்லை. பார்வைக்கு அது மூடிய படலைதான். குசினி யன்னலால் பார்க்கும் யாரும் மூடியிருக்கிறது என்றே சொல்வார்கள். ஒன்றரை வயதுப் பேத்தி தன் உள்ளங்கையை வைத்து இழுத்தாலும் திறந்துகொள்ளும். பிணைச்சலின் வில் வெயிலிலும் குளோரினிலும் தளர்ந்துபோயிருந்ததே காரணம். அதை மாற்ற ஒரு மணித்தியாலமும் ஒரு திருப்புளியுமே தேவைப்பட்டன. படலை எந்த நிலையில் விடப்பட்டாலும், கொளுக்கியின் மேல் சும்மா சாய்ந்து நிற்கும் நிலையிலிருந்தும்கூட, தானாகப் பூட்டிக்கொள்ளவேண்டும் என்பது விதியிலேயே உள்ளது. வாசகர்கள் இதை வாசித்து முடித்ததும் பின்வளவுக்குப் போய் இந்த ஒரு சோதனையையாவது செய்து பார்க்கவேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

காற்றடைத்துத் தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடாகங்களைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்குவது போலக் கடைத்தட்டிலிருந்து எடுத்துவந்து புல்வெளியில் விரித்துவிடுகிறோம். 300 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றின் நீளத்துக்கு மேல், தண்ணீர் பிடிக்கக்கூடிய எதுவும் இந்த மாநிலத்தின் சட்டப்படி நீச்சல் தடாகமே. அதற்கும் வேலி வேண்டும், மாநிலத்தின் தடாகப் பதிவேட்டிலும் பதியவேண்டும். ‘நிரம்பத் தண்ணீர் விடவில்லை’ என்ற பதிலும் செல்லாது, ஏனெனில் எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் கணக்கு. வேலி போடப் போவதில்லை என்றால் 300 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆழமுள்ளதை வாங்கி, பிள்ளைகள் வெளியே வந்த கையோடு தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றி, தடாகத்தையும் குப்புறப் போட்டுவிடவேண்டும். மாலையில் செடிகளுக்கு ஊற்றலாம் என்று தண்ணீரை விட்டுவைக்கும் சிக்கனம் இந்த விடயத்தில் வேண்டாம். ஊரில் கிணற்றுத் தண்ணீரை அளந்து செலவழித்து வளர்ந்தவள் என்பதால் எனக்கே அதைச் செய்ய மனம் ஒப்பக் கொஞ்சக் காலம் எடுத்தது.

இனி அரசாங்கம் செய்யவேண்டியது. நியூ சவுத் வேல்ஸில் தடாகமுள்ள வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் 2013ஆம் ஆண்டிலிருந்து மாநிலப் பதிவேட்டில் தடாகத்தைப் பதியவேண்டியிருக்கிறது. 2016 ஏப்ரல் 29ஆம் திகதியிலிருந்து அப்படியான வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் வேலி பற்றிய சான்றிதழ் தேவைப்படுகிறது; அது 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டை வாங்கிய பின் அதிலேயே குடியிருந்து, விற்காமலும் வாடகைக்கு விடாமலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும் குடும்பத்தின் வேலியைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை யாரும் வந்து பார்க்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிள்ளைகள் பிறப்பதும், பேரப்பிள்ளைகள் தவழ்வதும், பிணைச்சல் துருப்பிடிப்பதும் அந்தப் பதினைந்து, இருபது ஆண்டுகளில்தான். விக்ரோறியா மாநிலத்தில் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி உரிமையாளர் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் வேலியைப் பரிசோதிப்பித்துச் சான்றிதழை மாநகரசபைக்குக் கொடுக்கவேண்டும். மேற்கு அவுஸ்திரேலியாவில் உள்ளூராட்சி சபைகள் குறைந்தது 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்வையிடுகின்றன. நியூசிலாந்தில் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை. அங்கெல்லாம் செய்ய முடிவதை, கடற்கரையும் தடாகமும் இல்லாமல் கோடையை நினைத்துப் பார்க்க முடியாத இந்த மாநிலத்திலும் செய்யமுடியும்; செய்யவேண்டும். பரிசோதனைக் கட்டணம் குடும்பங்களுக்குச் சுமை என்று சொல்பவர்கள் ஒரு தடாகத்தின் பம்பிக்கும் மருந்துக்கும் மின்சாரத்துக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

பழைய தடாகங்களுக்கான விலக்கு இன்னொரு குறை. 1990 ஓகஸ்ட் 1ஆம் திகதிக்கு முன் கட்டப்பட்ட தடாகங்களுக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு, வீட்டுச் சுவரையே வேலியின் ஒரு பக்கமாக வைத்துக்கொள்ள இன்றும் இடமிருக்கிறது. அதாவது விறாந்தைக் கதவைத் திறந்தால் தடாகம். வீட்டிலிருந்து வெளியேறும் குழந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவில் அங்கே நிற்பது கதவு ஒன்றுதான். அதை நாம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறக்கிறோம், எத்தனை தரம் சாத்த மறக்கிறோம் என்பதை அவரவர் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம். நாற்புறமும் அடைத்துத் தடாகத்தை வீட்டிலிருந்து பிரிக்கும் வேலி உள்ள இடத்தில், வீட்டை ஒரு பக்கமாகக் கொண்ட மூன்று பக்க வேலியோடு ஒப்பிட, குழந்தைகள் மூழ்கும் ஆபத்து ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு கண்ட முடிவு. குவீன்ஸ்லாந்து, தடாகம் எந்த ஆண்டில் கட்டப்பட்டிருந்தாலும் ஒரே விதிதான் என்று தீர்மானித்து, 2010இல் சட்டத்தைக் கொண்டுவந்து, 2015 நவம்பர் இறுதிவரை அவகாசமும் கொடுத்து அதை நிறைவேற்றியது. தடாகம் எப்போது கட்டப்பட்டது என்பது இன்று அதன் ஓரத்தில் நிற்கும் குழந்தைக்குத் தெரியாது. சட்டத்துக்கு மட்டும் அது ஏன் முக்கியமாக இருக்கவேண்டும்?

‘நாங்கள் கண்ணுக்குள் வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறோம், வேலி வளவின் அழகைக் கெடுக்கிறது’ என்று சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கவனமானவர்கள். ஆனால் அடுப்பில் பால் பொங்கும் நேரம், தொலைபேசி அடிக்கும் நேரம், மூத்த பிள்ளை விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டு அழும் நேரம் என்று எந்த வீட்டிலும் இரண்டு, மூன்று நிமிடங்கள் கை நழுவத்தான் செய்யும். மூச்சு நின்ற குழந்தையின் மூளைக்கு அந்தச் சில நிமிடங்களே பெரும் சேதம். வேலி இருப்பது அந்த நிமிடங்களுக்காக. வேலி இருக்கிறதே என்று பார்வையை விடுவதும் அதே அளவுக்குப் பிழை. றோயல் லைஃப் சேவிங் அமைப்பு பெற்றோருக்குச் சொல்லித்தரும் நாலு காரியங்களில் கண்காணிப்புதான் முதலாவது; அதன் பின்பே வேலி, தண்ணீரில் பழக்கம், முதலுதவி என்பன வருகின்றன. ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு நெஞ்சளவு கட்டு இருந்தது. அப்படியிருந்தும் துலாவின் பக்கம் நாங்கள் தனியாகப் போனால் அம்மா பூவரசங் கம்பை எடுத்துக்கொண்டு வருவார். கட்டும் இருந்தது, கண்ணும் இருந்தது.

நம் சமூகத்துக்கென்று தனியாகச் சொல்லவேண்டியதும் ஒன்று உண்டு. நம் வீடுகளில் குழந்தைகளைப் பகலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களுமே. அவர்களிற் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ சில மாத விசாவில் வந்திருப்பவர்கள். பிள்ளைகளை எப்போதும் கண்காணிக்கவேண்டும், படலையை எப்போதும் மூடிவைக்கவேண்டும், வேலியிலிருந்து 900 மில்லிமீற்றருக்குள் பொருட்களை வைக்கக்கூடாது என்ற எச்சரிக்கைகளும் உயிர்மீட்பு முதலுதவி முறையும் எழுதிய பலகை ஒவ்வொரு தடாகத்தின் அருகிலும் சட்டப்படி தொங்குகிறது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. வந்திறங்கிய பெற்றோருக்கு அடுப்பை எப்படிப் பற்றவைப்பது, தொலைக்காட்சியை எப்படிப் போடுவது என்று முதல் நாளே காட்டிக்கொடுக்கும் நாம், அந்தப் பலகையை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறோமா? அவசரத்துக்கு மூன்று சுழியங்களை அழுத்தவேண்டும் என்பதையும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அங்கே கேட்கலாம் என்பதையும், வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதையும் பழக்கியிருக்கிறோமா? எனக்கு இவை எல்லாவற்றையும் மகள் சொல்லித்தந்தது நான் வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் பிறகுதான். பிழை அவளுடையது மட்டுமல்ல, நானும் கேட்கவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலியைச் சரியாக வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை என்றாலும், படலையை மூடிவைப்பது குடியிருப்பவரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. படலை சரியாக மூடவில்லை என்றால் முகவருக்கு எழுத்தில் அறிவித்து, பதில் வரும்வரை அதைச் சங்கிலி போட்டுப் பூட்டிவையுங்கள். பூட்டிய தடாகத்தில் பிள்ளைகள் இரண்டு கிழமை குளிக்காவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் பிள்ளைகள் படித்து முடியும்வரை மண்டபத்தின் பின்வரிசையில் இரண்டு, மூன்று மணித்தியாலம் காத்திருக்கும் பெற்றோருக்கும் பேரன் பேத்திகளோடு வரும் முதியவர்களுக்கும் அந்த நேரத்திலேயே தமிழில் உயிர்மீட்பு முதலுதவி பழக்கும்படி பாடசாலை நிருவாகங்களை உங்கள் பத்திரிகை கேட்கவேண்டும். நம்மிடையே மருத்துவர்களும் தாதியரும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சிலர் முன்வந்தால் அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடலாம். மற்றது, வேலியின் அளவுகளையும் படலைச் சோதனையையும் அவசர அழைப்பு இலக்கத்தையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி எங்கள் குசினி யன்னலருகே ஒட்டிவைத்திருக்கிறேன். அதன் பிரதி ஒன்றை இக்கடிதத்தோடு அனுப்புகிறேன். வாசகர்கள் வெட்டி எடுத்துத் தம் வீட்டில் ஒட்டிக்கொள்ள வசதியாக, பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விடுவதற்கு முன் வரும் இதழொன்றில் அதனைப் பெட்டிச் செய்தியாக வெளியிட்டு உதவுமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மேற்கு சிட்னி.